உயிராற்றல் விவசாயிகளுக்கு ஓர் ஊர் மடல்: தொடங்குவதிலிருந்து தொடர்ந்து நடத்துவது வரை

எங்கள் மடலின் மூன்றாவது இதழிலேயே ஒரு தேதி தப்பாகப் போய்விட்டது. ஐரோப்பாவில் அச்சான சந்திர அட்டவணை ஒன்றைப் பார்த்து, சந்திரன் கன்னிக்குள் நுழையும் நாளை அப்படியே எடுத்துப் போட்டேன். அதில் இரவு 8 மணி என்று இருந்தது. அது அவர்கள் ஊர் குளிர்கால நேரம். நமக்கு நாலரை மணி நேரம் கூட்டினால் நள்ளிரவு தாண்டி மறுநாள் 12.30. ஆறு வீடுகளில் முந்தின நாளையே வேர்ப் பயிருக்கு உகந்த வேர் நாள் என்று நம்பி முள்ளங்கி விதைத்தார்கள்; கணக்குப்படி அது சந்திரன் சிம்மத்தில் நின்ற கனி நாள். முள்ளங்கிக்கு அது தெரியவில்லை, நன்றாகவே வந்தது. ஆனால் நான் இரண்டு வாரம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

அந்த இதழுக்குப் பிறகுதான் ஊர் மடல் எதற்கு என்பது எனக்கே பிடிபட்டது. கொம்பு உரமும் சந்திர நாளும் பார்த்து, ரசாயனம் இல்லாமல் செய்யும் உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மையைப் பற்றிப் பொதுவாகப் படிக்க நிறைய இருக்கிறது. நம் ஊர் நேரத்துக்குத் திருத்திய தேதியும், நம் ஊர்த் தோட்டத்தில் உண்மையில் நடந்ததும் மட்டும் வேறெங்கும் கிடைக்காது. மடலில் இந்த இரண்டும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் ஊறுகாய் மாதிரி. பழனி மலையடிவாரத்தில் சுமார் முப்பது பேருக்கு மாதம் ஒரு தாள் போட்டுப் பழகிய கணக்கில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள்

பேர் வைப்பது, சின்னம் வரைவது எல்லாம் அப்புறம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சுற்று வட்டாரத்தில் நாலு கேள்வி கேட்டு வாருங்கள். யாரிடம் கறவை மாடு இருக்கிறது? யார் வீட்டுப் பரணில் பசுவின் கொம்பு கிடக்கிறது? பசுவின் கொம்புக்குள் சாணம் அடைத்து மண்ணில் புதைத்து எடுக்கும் கொம்பு சாண உரத்தை, அதாவது நம் ஆட்கள் ‘ஐநூறு’ என்று சொல்வதை, கையால் கலக்கித் தெளித்தவர்கள் எத்தனை பேர்? மாடித் தோட்டம் மட்டும் வைத்திருப்பவர்கள் யார்?

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எங்களுக்கு ஆச்சரியம். பாதிக்கு மேல் மாடித் தோட்டக்காரர்கள். அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் எழுதினால் பயனில்லை. ஏக்கருக்கு 25 முதல் 30 கிராம் ஐநூறை 13 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும் என்பதைப் பத்துத் தொட்டி வைத்திருப்பவர் என்ன செய்வார்? “பக்கத்துத் தோட்டத்தில் கலக்கும் அன்று போய் ஒரு சொம்பு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று எழுதினால் அவருக்கு வழி கிடைக்கிறது, தோட்டக்காரருக்குக் கலக்க ஓர் ஆள் கிடைக்கிறார். ஒரு மணி நேரம் கைமாற்றிக் கைமாற்றிக் கலக்க வேண்டிய வேலைக்கு ஆள் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

பத்துப் பேர் இருந்தாலே தொடங்கலாம். ஐந்துக்குக் கீழே என்றால் மடல் வேண்டாம், டீக்கடை போதும்.

தேதிப் பக்கம்: இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

வாசகர்கள் முதலில் திருப்பும் பக்கம் இது. கிழித்து மாட்டுத் தொழுவத்தில் ஒட்டி வைப்பதும் இதைத்தான். ஆகவே இதில் தப்பு வரக் கூடாது.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் குழப்பம் ஒன்று உண்டு. இறங்குமுகச் சந்திரன் வேறு, தேய்பிறை வேறு. தேய்பிறை வெளிச்சம் குறைவதைச் சொல்கிறது. இறங்குமுகம் என்பது சந்திரன் வானத்தில் வடக்கிலிருந்து தெற்கே நகர்வது. சூரியனுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை உத்தராயணமும் தட்சிணாயணமும் வருகிறது அல்லவா, சந்திரன் அதையே சுமார் 27.3 நாளில் முடித்துவிடுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் பௌர்ணமியை ஒட்டிய நாலைந்து நாள் சாயங்காலம் கிழக்கே பாருங்கள். உதிக்கும் இடம் நாளுக்கு நாள் தெற்கே தள்ளிப் போனால் இறங்குமுகம். வடக்கே போனால் ஏறுமுகம். எங்கள் பக்கத்தில் ஒரு கரடும் இரண்டு பனைமரமும் இருப்பதால் இந்தப் பாடம் சுலபமாக நடந்தது.

சரி, இதைத் தினசரி காலண்டரிலிருந்து எடுக்க முடியுமா? முடியும். காலண்டரில் நட்சத்திரம் போட்டிருக்கும். மிருகசீரிடம் முடிந்து திருவாதிரை தொடங்கும் இடத்தில் சந்திரன் ஏறக்குறைய வட எல்லையில் நிற்கிறது. அங்கிருந்து மூலம் நட்சத்திரத்தின் நடுப்பகுதி வரை இறங்குமுகம். அதற்குப் பிறகு மறுபடி மிருகசீரிடம் வரை ஏறுமுகம். அவ்வளவுதான்.

ஆனால் அதே காலண்டரின் மூலையில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்று அச்சடித்திருப்பதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அது நட்சத்திரங்களை மூன்று கூட்டமாகப் பிரித்த பஞ்சாங்க மரபு. கிணறு வெட்டவும் பந்தல்கால் நடவும் நம் பெரியவர்கள் பார்த்தது அது. பூசம் பஞ்சாங்கத்தில் மேல்நோக்கு. வானத்தில் சந்திரன் அப்போது இறங்கிக்கொண்டிருக்கும். பூரட்டாதி கீழ்நோக்கு, வானத்தில் ஏறுமுகம். இரண்டும் ஒன்றே என்று எழுதிவிட்டு, ஏன் இரண்டு மடலில் இரண்டு தேதி என்று வாசகர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. நாங்கள் இறங்குமுகம், ஏறுமுகம் என்ற சொற்களை மட்டும் பயன்படுத்துகிறோம்.

அடுத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள். ரிஷபம், கன்னி, மகரத்தில் சந்திரன் நின்றால் வேர்ப் பயிருக்கு. கடகம், விருச்சிகம், மீனம் கீரைக்கு. மிதுனம், துலாம், கும்பம் பூவுக்கு. மேஷம், சிம்மம், தனுசு காய்கனிக்கும் தானியத்துக்கும். ஜெர்மனியில் மரியா துன் தன் தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் விதைத்துப் பார்த்து 1963 முதல் நாட்காட்டியாக வெளியிட்ட முறை இது. இங்கேயும் ஒரு சிக்கல். பஞ்சாங்க ராசி ஒவ்வொன்றும் சரியாக 30 பாகை. துன் முறையில் வானத்தில் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரக் கூட்டத்தின் அகலத்தைத்தான் எடுப்பார்கள். கன்னி அகலமானது, சந்திரன் சுமார் மூன்றரை நாள் அதில் நிற்கும், துலாம் ஒன்றரை நாளில் தாண்டிவிடும். ஆகவே ராசி மாறும் ஓரங்களில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். வெளிநாட்டு அட்டவணை என்றால் நேரத்தைத் திருத்துங்கள்: கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணி, மத்திய ஐரோப்பாவின் குளிர்கால நேரத்தோடு நாலரை, கோடை நேரத்தோடு மூன்றரை மணி கூட்ட வேண்டும். நான் இப்போதெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு, ஜோசியம் தெரிந்த ஒருவரிடமும் காட்டிவிடுகிறேன்.

விதைக்கக் கூடாத நேரம் என்று இரண்டைக் குறியுங்கள். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நாள் ஒன்று. ராகு கேது புள்ளிகளைத் தாண்டும் நேரம் இன்னொன்று. ராகு கேது நமக்குப் பழகிய பேர் என்பதால் விளக்கவே வேண்டியதில்லை. காலண்டரில் தினமும் ஒன்றரை மணி நேரம் போடும் ராகு காலம் இது இல்லை என்பதை மட்டும் ஒரு தடவை எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டு நான் வாங்கிய போன்கள் போதும்.

கடைசியாக, ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் காலியாக ஒரு கட்டம் விடுங்கள். வாசகர் அங்கே மழை பெய்ததா, விதைத்தாரா, எப்போது முளைத்தது என்று பென்சிலால் குறிக்க வேண்டும். ஐப்பசியில் ஓர் அக்காவுக்கு இந்தக் கட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். “தம்பி, நிலா சொன்ன நாள்ல வெதைக்கிறேன். மழையைக் கேட்டுட்டு வர்றதுக்கு மட்டும் ஆள் அனுப்ப மாட்டீங்களா?” என்றார். நியாயம்தான். இப்போது பக்கத்தின் அடியில் “ஈரம் இருந்தால்தான் நாள்” என்று எப்போதும் ஒரு வரி போடுகிறோம்.

ஆண்டின் இரண்டு பெரிய செய்திகள்

கொம்பு புதைப்பதும் கொம்பு எடுப்பதும்தான் எங்கள் ஊரின் இரண்டு திருவிழா. இவற்றை ஒட்டி மடலின் ஆண்டுக் கணக்கை அமைத்துக்கொள்ளுங்கள்.

1924 ஜூனில், இப்போது போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் பண்ணையில் ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் எட்டுச் சொற்பொழிவு நிகழ்த்தினார்; உயிராற்றல் வேளாண்மை அதிலிருந்துதான் தொடங்கியது. அங்கே சொன்ன முறையில் கொம்பு இலையுதிர்காலத்தில் மண்ணுக்குள் போய், குளிர்காலம் முழுக்க அங்கே இருந்து, வசந்தத்தில் வெளியே வரும். நமக்கு அது புரட்டாசி, ஐப்பசியில் புதைத்து மாசி, பங்குனியில் எடுப்பதாக வருகிறது. அங்கே பனி, இங்கே அதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழை. அதனால் அறிவிப்பில் முதலில் எழுத வேண்டியது இடம். மேடான, தண்ணீர் நிற்காத, மரத்தின் வேர் ஓடாத இடம். முதல் ஆண்டு எங்கள் குழி வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. மாசியில் தோண்டியபோது பாதிக் கொம்புகளில் சாணம் போட்டபடியே, பச்சை நிறத்தில், மூக்கைத் துளைத்தது.

அதை மடலில் போடலாமா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம். போட்டோம். அந்த இதழுக்குத்தான் இதுவரை அதிகப் பதில் வந்திருக்கிறது. நாலு பேர் தங்கள் குழியை மாற்றினார்கள்.

புதைக்கும் நாள் அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் இதழிலிருந்து ஒன்று:

“கொம்பு புதைப்பு. வரும் ஞாயிறு, இறங்குமுகம். காலை 8 மணி, மேட்டுத் தோட்டம், புளியமரத்துக்கு வடக்கே. கன்று போட்ட பசுவின் கொம்பு கொண்டுவரவும்; அடியில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும். காளைக் கொம்பு வேண்டாம். சாணம் கறவை மாட்டினுடையது, அன்று காலை போட்டது, வைக்கோல் கலக்காதது. முந்தின நாள் மாட்டுக்குப் பசும்புல் அதிகம், தவிடு குறைவு. கொம்புக்கு நூலில் அட்டை கட்டிப் பேர் எழுதவும். கஞ்சி உண்டு. பிள்ளைகளைக் கூட்டி வரலாம், கை அழுக்காகும்.”

இவ்வளவுதான். நோக்கம், வரவேற்பு, நன்றியுரை எதுவும் இல்லை. வருபவருக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. கொம்பு எங்கே கிடைக்கும் என்பது நம் ஊரில் கொஞ்சம் சங்கடமான பேச்சு. வீட்டில் செத்த மாட்டின் கொம்பைக் கழற்றி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டு வாங்கலாம் என்று மட்டும் எழுதுவோம். ஒரே கொம்பை உதிராதவரை சில ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் வருஷாவருஷம் தேட வேண்டியதும் இல்லை.

எடுக்கும் நாளின் செய்தியை அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். கொம்பை ஒரு கல்லில் லேசாகத் தட்டுவோம். நன்றாக மக்கியிருந்தால் கறுப்பாக, பிசுபிசுப்பு இல்லாமல், ஒரே கட்டியாக நழுவி விழும். முகர்ந்தால் சாணி வாடை துளியும் இருக்காது. முதல் மழைக்குப் பிறகு காட்டுக்குள் போனால் வருமே, அந்த வாசம். விரலால் நசுக்கினால் களிமண் போல உருளும். பச்சையாக இருப்பதைத் தனியே வைத்துவிடுவோம். எத்தனை கொம்பு புதைத்தோம், எத்தனை தேறின, மொத்தம் எத்தனை கிராம், யாருக்கு எவ்வளவு போனது என்று நாலு எண்ணை மடலில் போடுங்கள். வாங்கிப் போகிறவர் அதை மண்பானையில் வைத்து, பானையைச் சுற்றித் தேங்காய் நார்க்கழிவு அடைத்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பெட்ரோல் கேன் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், நம் வீடுகளில் மூலை என்றால் எல்லாம் ஒரே மூலைதான்.

அந்தச் சாக்கில் தெளிப்பு முறையையும் நாலு வரியில் போடலாம். ஐநூறு இறங்குமுகத்தில், சாயங்காலம், பெரிய துளியாக மண்ணில் விழ வேண்டும். வேப்பிலைக் கொத்தை நனைத்து உதறினாலே போதும். ஒரு பக்கம் சுழற்றிச் சுழி ஆழமாக விழுந்ததும் திருப்பிச் சுழற்றுவது, இப்படி ஒரு மணி நேரம். கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். ‘ஐநூற்றொன்று’ எனப்படும் கொம்பு சிலிக்கா, அதாவது சாணத்துக்குப் பதில் படிகக்கல் தூளைக் கொம்பில் அடைத்துப் புதைத்து எடுப்பது, நேர் எதிர்: ஏக்கருக்கு ஒரே ஒரு கிராம், விடிவதற்கு முன் கலக்கி, சூரியன் எழும்போது பனித்துளி போல இலைமேல்.

செய்தி சேகரிப்பது

“உங்கள் தோட்டத்தில் என்ன விசேஷம்?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்லண்ணே” என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். போன வாரம் எதைப் பிடுங்கிப் போட்டீர்கள்? எந்தப் பூச்சி முதலில் வந்தது? எருக்குவியலுக்குள் கையை விட்டால் சூடு தாங்கியதா? சாண மூலிகை உரக் குழியில் முட்டை ஓடு கரைந்துவிட்டதா? இப்படிக் கேட்டால் அவர்கள் பத்து நிமிஷம் பேசுவார்கள், நமக்கு மூன்று வரி கிடைக்கும்.

சாண மூலிகை உரம் எங்கள் பக்கத்தில் ஐநூறை விட அதிகமாகப் பரவியிருக்கிறது, ஏனென்றால் கொம்பு தேட வேண்டாம், ஆண்டு முழுக்கச் செய்யலாம். மூன்றடிக்கு இரண்டடி, ஓரடி ஆழக் குழி. சுற்றிலும் செங்கல், அடியில் வெறும் மண். 60 கிலோ சாணத்தில் முட்டை ஓட்டுத்தூளும் போர் போட்ட மண்ணும் கால் கிலோ அளவில் பிசைந்து, மூலிகைத் தயாரிப்புகளைச் சிறு குழிகளில் வைத்து மூடினால் மூன்று நாலு மாதத்தில் தயார். அந்தத் தயாரிப்புகளில் ‘யாரோ’ (yarrow) என்ற செடி, சீமைச் சாமந்தி, காஞ்சொறி வகை, ஓக் மரப்பட்டை, டான்டெலியன், வலேரியன் என்று ஆறு இருக்கின்றன. பல செடிகள் குளிர் நாட்டுச் செடிகள். சமவெளியில் வளராது, மலையிலிருந்து வர வேண்டும். ஆகவே யார் எப்போது கொடைக்கானல் போகிறார்கள் என்பதுகூட எங்கள் மடலில் செய்தி. அதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே ஆளிடம் பணம் கொடுத்து அனுப்பினார்கள்.

விதைப் பரிமாற்றத்துக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். ரகத்தின் பேர், எந்த மாதம் எடுத்தது, எத்தனை பிடி இருக்கிறது. “நாட்டு விதை” என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பிக் கேளுங்கள்.

எதைப் போடக் கூடாது

இதில் நான் கொஞ்சம் கறார். “ஐநூறு தெளித்தேன், மகசூல் இரட்டிப்பானது” என்று ஒருவர் எழுதித் தந்தால், எந்த வயலில் தெளிக்கவில்லை, அங்கே எவ்வளவு வந்தது என்று கேட்பேன். பதில் இல்லையென்றால் “தெளித்தேன், பயிர் நன்றாக இருந்தது” என்பதோடு நிறுத்திவிடுவேன். கொம்பும் சந்திரனும் தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்பது ஆய்வில் முடிவாகவில்லை. சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற இடத்தில் 1978 முதல் உயிராற்றல், இயற்கை, ரசாயன முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். 21 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின: இயற்கை முறைகளில் மகசூல் சுமார் 20 சதவீதம் குறைவு, ஆனால் உரமும் எரிசக்தியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம், மண்ணில் உயிர்கள் அதிகம். அது முழு முறையின் கணக்கு, கொம்பின் கணக்கு இல்லை. இதை மடலில் ஒரு தடவை போட்டபோது இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். அடுத்த இதழில் அவர்கள் கோபத்தையும் போட்டேன்.

நோய் தீரும் என்று சொல்லும் எதையும் போடாதீர்கள். விற்பனை விளம்பரத்திலும் கவனம் வேண்டும். டிமீட்டர் என்பது உயிராற்றல் சான்றிதழின் வணிக முத்திரை. சான்றிதழ் இல்லாதவர் விளம்பரத்தில் அந்தப் பேரைப் போடக் கூடாது. அரசின் இயற்கை விளைபொருள் முத்திரையும் அப்படித்தான். “உயிராற்றல் முறையில் விளைவித்தது, தோட்டத்துக்கு வந்து பார்க்கலாம்” என்று எழுதச் சொல்லுங்கள். வாங்குபவருக்கு முத்திரையை விட அது மேல்.

தாளும் பணமும்

ஏ4 தாள், இரண்டு பக்கம். முன்பக்கம் தேதி, பின்பக்கம் செய்தி. ஜெராக்ஸ் கடையில் ஐம்பது பிரதி எடுத்து, பால் சொசைட்டி, விதைக் கடை, இரண்டு டீக்கடையில் வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் போடலாம், ஆனால் தேதிப் பக்கத்தைத் தனிப் படமாகப் போடுங்கள். வயதானவர்கள் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். விலை போட்டு, பொதுச் செய்திகளோடு வெளியில் விற்கும் அளவுக்கு வளர்ந்தால் 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைப் பதிவுச் சட்டம் பொருந்துமா என்று ஒரு வக்கீலைக் கேட்டுவிடுங்கள். எங்கள் செலவுக்கு, கொம்பு எடுக்கும் நாளில் வாசலில் ஓர் உண்டியல் வைக்கிறோம். சில்லறை போதவில்லை என்றால் அடுத்த இதழில் எழுத்தைச் சின்னதாக்குவோம்.

எழுதுவது ஒருவர், தேதி சரிபார்ப்பது இன்னொருவர், கொண்டுபோய்க் கொடுப்பது மூன்றாமவர். எழுதுபவரே தேதியைச் சரிபார்க்கக் கூடாது. ஏன் என்பதை முள்ளங்கிக் கதையில் சொல்லிவிட்டேன். தப்பு வந்தால் திருத்தத்தை அடுத்த இதழின் முதல் வரியாக, தப்பு வந்த அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

பங்குனி இதழ் இப்போது ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. 42 கொம்பு புதைத்தோம், 39 தேறின. மீதி மூன்றும் என் தோட்டத்துச் சாணம் அடைத்தவை. பேரோடுதான் போட்டிருக்கிறேன்.